அபோஸ்டில் வேணும்னு கேட்டாங்களா? காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



துபாய்ல இருந்து ஒரு மெயில் வருதுன்னு வச்சுக்குவோம். "உங்க கம்பெனியோட இன்கார்ப்பரேஷன் சர்டிஃபிகேட், எம்.ஓ.ஏ., போர்டு ரெசல்யூஷன் மூணையும் லீகலைஸ் பண்ணி 30 நாளைக்குள்ள அனுப்புங்க." மெயிலைப் பார்த்த உடனே நம்ம ஆளுங்க செய்யுற முதல் காரியம், கூகுள்ல தேடி மேல வர்ற ஏஜென்ட்டுக்குப் போன் போடுறது. அவர் ஒரு ரேட் சொல்வார். அது அதிகமா, நியாயமானு கூட நமக்குத் தெரியாது. அவசரத்துல ஜிபே பண்ணிட்டு, ஒரிஜினல் பேப்பர்களையும் கூரியர்ல அனுப்பிட்டு, நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்போம்.

மாசச் சம்பளம் வாங்குற நமக்கு இது எங்க வருதுன்னு கேட்கலாம். மூணு வழியில வருது. சின்ன கம்பெனியில அக்கவுண்ட்ஸ்லயோ அட்மின்லயோ இருந்தா, முதலாளி உங்களைக் கூப்பிட்டு "இதை அபோஸ்டில் பண்ணிட்டு வாப்பா"னு கையில குடுப்பார். இல்லன்னா, கரூர்லயோ திருப்பூர்லயோ அப்பா நடத்துற ஃபர்முக்கு வெளிநாட்டு ஆர்டர் வரும், "நீதான் படிச்சவன், நீயே பாரு"னு அது உங்க தலையில விழும். மூணாவது, நீங்களே நண்பரோட சேர்ந்து சைடுல ஒரு கம்பெனி ஆரம்பிச்சிருப்பீங்க. மூணுலயும் தப்பான வழியில போனா போற பணம் ஒண்ணும் சின்னதில்ல. சில நாடுகளுக்கு ஒரு பேப்பருக்கே அரை லட்சம் ரூபாய் வரைக்கும் அரசாங்கக் கட்டணம் மட்டும் இருக்கு. அதை ரெண்டு தடவை கட்டுற நிலைமை வந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால ஏஜென்ட்டுக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி இந்த விஷயம் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்குவோம்.

கையெழுத்துக்குக் கையெழுத்து

சென்னையில ஒரு நோட்டரி வக்கீல் உங்க பேப்பர்ல கையெழுத்துப் போட்டு சீல் வைக்கிறார். அவர் யாருன்னு துபாய்ல இருக்குற அதிகாரிக்குத் தெரியாது. அவரோட கையெழுத்து எப்படி இருக்கும்னும் தெரியாது. அப்ப அந்த சீலை எப்படி நம்புறது?

இதுக்குத்தான் சங்கிலி மாதிரி ஒரு ஏற்பாடு. நோட்டரி உங்க கையெழுத்தைச் சான்று பண்றார். சேம்பர் ஆஃப் காமர்ஸோ மாநில அரசு அதிகாரியோ அந்த நோட்டரிக்கு அடுத்து சான்று பண்றாங்க. மத்திய வெளியுறவு அமைச்சகம் அந்தச் சேம்பர் கையெழுத்தைச் சான்று பண்ணுது. டெல்லியில இருக்குற அந்த நாட்டுத் தூதரகம், நம்ம வெளியுறவு அமைச்சகக் கையெழுத்தைச் சான்று பண்ணுது. கடைசியா துபாய்ல இருக்குற வெளியுறவு அமைச்சகம் அவங்க தூதரகக் கையெழுத்தைப் பார்த்து "சரி, இது நம்ம ஆள் போட்டதுதான்"னு ஏத்துக்குது.

கவனிச்சீங்களா? ஒவ்வொருத்தரும் தனக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டவரை மட்டும்தான் உறுதி பண்றாங்க. பேப்பர்ல எழுதியிருக்குற விஷயம் உண்மையா பொய்யானு யாரும் சொல்றதில்ல. "அபோஸ்டில் ஆயிடுச்சு, அதனால இந்த கம்பெனி நல்ல கம்பெனி"னு யாராவது உங்ககிட்ட முதலீடு கேட்டு வந்தா, அந்த ஸ்டிக்கரை நம்பிக் காசு குடுக்காதீங்க. அது கையெழுத்துக்கும் சீலுக்கும் மட்டும்தான் சாட்சி.

இந்த நீளமான சங்கிலியைக் குறைக்கத்தான் 1961 அக்டோபர் 5-ம் தேதி ஹேக் நகரத்துல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதுல சேர்ந்த நாடுகளுக்குள்ள தூதரகப் படி தேவையில்ல. ஆவணம் எந்த நாட்டுதோ, அந்த நாட்டு அரசாங்கம் நியமிச்ச ஒரு அமைப்பு 'அபோஸ்டில்'னு ஒரு சான்றை ஒட்டினா போதும். அந்தச் சான்றுல எந்த நாடு, யார் கையெழுத்துப் போட்டது, எந்தப் பதவியில, எந்த ஊர்ல, எந்தத் தேதி, எந்த நம்பர்னு பத்து விவரம் இருக்கும். எந்த நாட்டு அபோஸ்டில்லா இருந்தாலும் அதே பத்து, அதே வரிசை. இந்தியாவுல இந்த ஒப்பந்தம் 2005 ஜூலை 14-ல இருந்து நடைமுறையில இருக்கு. இங்க அதை ஒட்டுறது வெளியுறவு அமைச்சகம்.

எந்த நாடுங்கிறதுதான் முதல் கேள்வி

ஒப்பந்தத்துல இப்ப 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கு. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் எல்லாம் பழைய உறுப்பினர்கள். சிங்கப்பூர்ல 2021 செப்டம்பர் 16-லயும், சவூதி அரேபியாவுல 2022 டிசம்பர் 7-லயும், கனடாவுல 2024 ஜனவரி 11-லயும்தான் நடைமுறைக்கு வந்தது. இதை எதுக்குத் தேதியோட சொல்றேன்னா, இன்டர்நெட்ல இருக்குற பல பழைய பதிவுகள் இன்னும் "சவூதிக்குத் தூதரக முத்திரை கட்டாயம்"னு சொல்லிக்கிட்டிருக்கு. சில ஏஜென்ட்டுகளும் அதையே சொல்லித் தூதரகக் கட்டணம்னு ஒரு தொகையைச் சேர்த்து வாங்கிடுவாங்க.

ஓமனும் பஹ்ரைனும் உறுப்பினர்கள். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் மூணும் இந்தப் பதிவு எழுதும்போது உறுப்பினர்கள் இல்ல. அங்க முழு சங்கிலிதான். "வளைகுடா"னு ஒரே மூட்டையா கட்டாதீங்க, ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வழி.

உறுப்பினர் பட்டியல்ல பேர் இருந்தாலே போதுமானு கேட்டா, போதாது. புதுசா ஒரு நாடு சேரும்போது ஏற்கெனவே இருக்குற நாடு ஆட்சேபம் சொல்லலாம். அப்படிச் சொன்னா அந்த ரெண்டு நாட்டுக்கு நடுவுல மட்டும் ஒப்பந்தம் செல்லாது. இந்தியா சேர்ந்தப்ப ஜெர்மனி ஆட்சேபம் சொன்னது. 2023 நவம்பர்ல சீனாவுல ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தப்ப இந்தியா ஆட்சேபம் சொன்னது. அதனால ஜெர்மனிக்கோ சீனாவுக்கோ பேப்பர் அனுப்பணும்னா அபோஸ்டில் ஒட்டிட்டு நிம்மதியா இருக்க முடியாது. அந்த நாட்டுத் தூதரகத் தளத்துல அவங்க நடைமுறையைப் பார்த்துத்தான் ஆகணும். ஹேக் மாநாட்டு அமைப்போட இணையதளத்துல எல்லா நாடும், எல்லா ஆட்சேபமும் இலவசமா பார்க்கலாம். அஞ்சு நிமிஷ வேலை.

கேட்டது என்ன வார்த்தைன்னு பாருங்க

எனக்குத் தெரிஞ்சு அதிகமா காசு வீணாகுறது இந்த இடத்துலதான். வெளிநாட்டுல இருந்து கேட்கிறவங்க நாலு வார்த்தையில ஏதாவது ஒண்ணைப் போடுவாங்க. நாலும் நம்ம காதுக்கு ஒண்ணு மாதிரி கேட்கும், ஆனா செலவு ஒண்ணு இல்ல.

'சர்டிஃபைடு ட்ரூ காப்பி'ன்னா நகல் ஒரிஜினலோட ஒத்துப்போகுதுன்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். கம்பெனி செக்ரட்டரியோ சி.ஏ.வோ நோட்டரியோ போட்டா போதும்னு பல வங்கிகளும் சிங்கப்பூர் மாதிரி இடங்கள்ல கம்பெனி பதிவு பண்ணித் தர்ற நிறுவனங்களும் ஏத்துக்குவாங்க. யார் போடலாம்னு அவங்களே ஒரு பட்டியல் வச்சிருப்பாங்க, கேளுங்க. சில நூறு ரூபாயில முடியுற வேலை இது. 'நோட்டரைஸ்டு'ன்னா நோட்டரி மட்டும். 'அபோஸ்டில்டு'ன்னா மேல சொன்ன ஹேக் வழி. 'லீகலைஸ்டு'ன்னா தூதரகம் வரைக்கும் போகணும்.

சிக்கல் என்னன்னா, கேட்கிறவருக்கே பல சமயம் வித்தியாசம் தெரியாது. எதிர்ப்பக்கம் மெயில் அனுப்புறவரும் உங்களை மாதிரி ஒரு ஜூனியர் எம்ப்ளாயியா இருக்கலாம். எல்லா நாட்டுக்கும் ஒரே டெம்ப்ளேட் மெயிலை அனுப்பியிருப்பார். அதனால பதில் மெயில்ல மூணு விஷயம் எழுத்துல கேட்டு வாங்குங்க. ஒண்ணு, எந்த ஆவணத்துக்கு எந்த அளவு சான்று வேணும். ரெண்டு, ஒரிஜினலுக்கா, நகலுக்கா. மூணு, எத்தனை மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். இந்த ஒரு மெயில் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். பின்னாடி ஏதாவது தகராறு வந்தா "நீங்க சொன்னபடிதானே செஞ்சோம்"னு காட்டவும் உதவும்.

மூணாவது கேள்வி ஏன்னா, அபோஸ்டில்லுக்கு ஒப்பந்தப்படி காலாவதித் தேதி கிடையாது. ஆனா வாங்குற அலுவலகம் "மூணு மாசத்துக்குள்ள எடுத்த போர்டு ரெசல்யூஷன்தான் வேணும்"னு சொல்ல அதுக்கு உரிமை இருக்கு. இப்பவே எல்லாத்தையும் எடுத்து பீரோவுல வச்சுக்கலாம்னு நினைச்சு முன்கூட்டியே செலவு பண்ணாதீங்க.

இன்வாய்ஸ், சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் மாதிரி பேப்பர்கள் தனி ரகம். கஸ்டம்ஸ், வணிக நடவடிக்கைகளோட நேரடியா சம்பந்தப்பட்ட அரசு ஆவணங்கள் அபோஸ்டில் ஒப்பந்தத்துக்குள்ள வராதுன்னு அந்த ஒப்பந்தத்தோட முதல் பிரிவே சொல்லுது. அதனால உறுப்பினர் நாடா இருந்தாலும் சரக்கு பேப்பருக்குச் சேம்பர் சான்றும் தூதரக முத்திரையும் கேட்கலாம். சரக்கு அனுப்புற கம்பெனின்னா உங்க கஸ்டம்ஸ் ஏஜென்ட்கிட்ட இதைத் தனியா பேசிடுங்க. ஆரிஜின் சர்டிஃபிகேட் இப்ப டி.ஜி.எஃப்.டி.யோட ஆன்லைன் தளம் வழியாத்தான் எடுக்கணும்.

சென்னையில இருந்து படிப்படியா

கம்பெனி ஆவணம்னு எடுத்துக்குவோம். பிரைவேட் லிமிடெட்னா இன்கார்ப்பரேஷன் சர்டிஃபிகேட் உங்களுக்குப் பி.டி.எஃப்.பா, டிஜிட்டல் கையெழுத்தோடதான் வந்திருக்கும். மை போட்ட கையெழுத்தே கிடையாது. அதை அப்படியே பிரிண்ட் எடுத்தா வெறும் பேப்பர். ரெண்டு வழி இருக்கு. கார்ப்பரேட் விவகார அமைச்சகத் தளத்துல கட்டணம் கட்டி சான்றளிக்கப்பட்ட நகல் வாங்கலாம். இல்லன்னா டைரக்டர் 'ட்ரூ காப்பி'னு கையெழுத்துப் போட்டு கம்பெனி சீல் வச்சு, அதை நோட்டரி சான்று பண்ணலாம். எது வேணும்னு வாங்குற இடத்துல கேட்டுக்குங்க. முதல் வழிக்கு மதிப்பு அதிகம், நாளும் அதிகம்.

ஃபர்ம்னா பார்ட்னர்ஷிப் டீட், ஃபர்ம்கள் பதிவாளர்கிட்ட பதிவு பண்ண சான்று ரெண்டும் தேவைப்படும். நம்ம ஊர்ல பழைய டீட் பல தமிழ்லதான் இருக்கும், முப்பது வருஷத்துக்கு முன்னாடி தாத்தா கையெழுத்துப் போட்டதா இருக்கும். அதுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேணும். மொழிபெயர்ப்பாளர் "இது சரியான மொழிபெயர்ப்பு"னு கையெழுத்துப் போட்டு, அதை நோட்டரி சான்று பண்ணி, தமிழ் மூலத்தோட சேர்த்துத் தைக்கணும். அமீரகத்துல அரபு மொழிபெயர்ப்பு கேட்டா அதை இங்க பண்ணாதீங்க. அங்க லைசென்ஸ் வாங்கின மொழிபெயர்ப்பாளர் பண்ணினாத்தான் செல்லும். இங்க கட்டுற காசு வீண்.

நோட்டரியைத் தேர்ந்தெடுக்குறதுலயும் கொஞ்சம் கவனம் வேணும். குறைஞ்சது பத்து வருஷம் வக்கீலா இருந்தவங்கதான் பொதுவா நோட்டரி ஆக முடியும். அவங்க லைசென்ஸுக்கு அஞ்சு வருஷ காலக்கெடு இருக்கு, எந்தப் பகுதின்னும் குறிச்சிருக்கும். கோர்ட் வாசல்ல மரத்தடியில உட்கார்ந்து, ஆள் யாருன்னே பார்க்காம சீல் குத்துறவங்களும் இருக்காங்க. வாடகை அக்ரிமென்ட்டுக்கு அது ஓடலாம், வெளிநாட்டுக்கு ஓடாது. சீல்ல பேர், பதிவு எண், பகுதி, காலாவதித் தேதி எல்லாம் படிக்குற மாதிரி இருக்கணும், ரிஜிஸ்டர்ல என்ட்ரி நம்பர் போட்டிருக்கணும். சங்கிலியோட முதல் கண்ணி அறுந்தா மேல எதுவும் நிக்காது.

அடுத்தது சேம்பர் ஆஃப் காமர்ஸ். வணிக ஆவணங்களுக்கு முதல்ல சேம்பர் சான்று வேணும்னு வெளியுறவு அமைச்சகம் சொல்லுது. சென்னையில 1836-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் சேம்பர், 1909-ல ஆரம்பிச்ச தென்னிந்திய வர்த்தக சபைனு பல அமைப்புகள் இருக்கு. மற்ற பெரிய ஊர்கள்லயும் இருக்கு. உறுப்பினர்களுக்கு ஒரு கட்டணம், உறுப்பினர் இல்லாதவங்களுக்கு அதைவிடக் கூடுதல் கட்டணம்னு இருக்கும். கம்பெனி பான், ஜி.எஸ்.டி., யார் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர்ங்கிற மாதிரிக் கையெழுத்து எல்லாம் கேட்பாங்க. வருஷத்துக்கு நாலஞ்சு தடவை இந்த வேலை வரும்னா, உறுப்பினர் கட்டணத்தையும் கூடுதல் கட்டணத்தையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்து முதலாளிகிட்ட சொல்லுங்க. இன்க்ரிமென்ட் நேரத்துல ஞாபகம் இருக்கும்!

உங்க டிகிரி, மார்க் ஷீட் மாதிரி சொந்த ஆவணங்களுக்குச் சேம்பர் இல்ல, மாநில அரசுத் துறை வழி. கல்விச் சான்றுக்கு ஒரு துறை, பிறப்பு, திருமணச் சான்றுக்கு இன்னொரு துறைனு பிரிஞ்சிருக்கும். வெளிநாட்டுக் கம்பெனியில நீங்க மேனேஜரா பதிவாகப் போறீங்கன்னா டிகிரியும் கேட்கலாம், அதனால சொன்னேன். ஆவணம் குடுத்த பல்கலையோ போர்டோ 'இ-சனத்' இணையதளத்துல சேர்ந்திருந்தா, பல படிகள் ஆன்லைன்லயே முடிஞ்சிடும். ஏஜென்ட்டைத் தேடுறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துடுங்க.

அதுக்கப்புறம் வெளியுறவு அமைச்சகம். நேரா கவுண்டருக்குப் போய்க் குடுக்க முடியாது. அமைச்சகம் அங்கீகரிச்ச சில நிறுவனங்கள் வழியாத்தான் குடுக்கணும், அவங்க பட்டியல் அமைச்சகத் தளத்துலயே இருக்கு. முன்னாடி எல்லாப் பேப்பரும் டெல்லி போய் வரணும். 2019-ல இருந்து சென்னை உட்பட பல ஊர்கள்லயே இந்த வேலை நடக்குது. அபோஸ்டில்லுக்கு அரசாங்கக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். அதுக்கு மேல அங்கீகரிச்ச நிறுவனத்தோட சேவைக் கட்டணம், பக்கத்துக்கு ஸ்கேனிங் சார்ஜ்னு சின்னத் தொகை. ஏஜென்ட் ஆயிரக்கணக்குல கேட்கும்போது இந்த 50-ஐ மனசுல வச்சுக்குங்க. மீதி எல்லாம் அலைச்சலுக்கான கூலி. கூலி வாங்குறது தப்பில்ல, நாம லீவு போட்டு அலைஞ்சா நம்ம ஒரு நாள் சம்பளமும் செலவுதானே. ஆனா எதுக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சு குடுக்கணும்.

உறுப்பினர் நாடுன்னா இதோட வேலை முடிஞ்சது. அபோஸ்டில் நம்பரை அமைச்சகத் தளத்துல போட்டுச் சரிபார்த்து, ஸ்கேன் எடுத்து, கூரியர் பண்ணிடலாம்.

துபாய்ன்னா பர்ஸைக் கொஞ்சம் பெருசா திறக்கணும்

அமீரகத்துக்கு அமைச்சகத்துக்கு அப்புறம் அவங்க தூதரகம் இருக்கு. அங்கதான் கட்டணம் எகிறுது. அவங்க வெளியுறவு அமைச்சகக் கட்டணத்துல சாதாரண ஆவணத்துக்கு 150 திர்ஹாம், வணிக ஆவணத்துக்கு 2,000 திர்ஹாம். ஒரு திர்ஹாம் 24 ரூபாய்னு வச்சுக் கணக்குப் போட்டா, உங்க டிகிரிக்கு 3,600 ரூபாய், உங்க எம்.ஓ.ஏ.வுக்கு 48,000 ரூபாய். ஆரம்பத்துல சொன்ன மெயில்ல மூணு ஆவணம் கேட்டாங்க இல்லையா, மூணும் கம்பெனி பேப்பர். தூதரகப் படிக்கு மட்டும் 1,44,000 ரூபாய். பேப்பர் அங்க போனப்புறம் அவங்க அமைச்சகத்துல நடக்குற கடைசிப் படிக்கு ஆகுற கட்டணம் தனி.

இப்பத் தெரியுதா, ஏன் அந்த மூணு கேள்வி மெயில் முக்கியம்னு? இங்க இன்னொரு கேள்வியும் சேர்த்துக்குங்க: "மூணும் தனித்தனியா வேணுமா, இல்ல ஒரே தொகுப்பா நோட்டரி பண்ணி ஒரே ஆவணமா குடுக்கலாமா?" சில இடத்துல ஏத்துக்குவாங்க, சில இடத்துல மாட்டாங்க. ஆனா கேட்காதவங்களுக்கு யாரும் தானா சொல்லப் போறதில்ல. எம்.ஓ.ஏ.வே தேவையா, இன்கார்ப்பரேஷன் சர்டிஃபிகேட்டும் ரெசல்யூஷனும் மட்டும் போதுமானும் கேளுங்க. ஒரு பேப்பர் குறைஞ்சா அரை லட்சம் கிட்ட மிச்சம். அப்பா ஃபர்முக்கு வர்ற முதல் ஆர்டரோட லாபமே சில சமயம் அவ்வளவுதான் இருக்கும்!

நாள் கணக்கும் பாருங்க. அபோஸ்டில் வழிக்கு ரெண்டு வாரம், தூதரக வழிக்கு நாலு வாரம்னு வச்சுத் திட்டம் போட்டாத்தான் பாதுகாப்பு. இந்திய லீவும் சேரும், அந்த நாட்டு லீவும் சேரும். தீபாவளி, ரம்ஜான் ரெண்டுக்கும் தூதரகம் மூடியிருக்கலாம். டெண்டர்னா, கடைசித் தேதியில இருந்து பின்னோக்கி எண்ணுங்க. சான்று இல்லாத டெண்டரைத் திறந்துகூடப் பார்க்காம ஒதுக்குறது எல்லா நாட்டுலயும் சகஜம்.

இனிஷியல், லேமினேஷன், ஸ்டேப்ளர் பின்

ரொம்ப சின்ன விஷயங்கள். ஆனா ரிஜெக்ட் ஆகுறது பெரும்பாலும் இதுலதான்.

நம்ம ஊர்ப் பேர் வெளிநாட்டுக்காரங்களுக்குப் பெரிய குழப்பம். டிகிரியில 'எஸ். குமார்', பாஸ்போர்ட்டுல 'குமார் சுப்பிரமணியன்', பான்ல 'சுப்பிரமணியன் குமார்', பார்ட்னர்ஷிப் டீட்ல 'சு. குமார்'. நமக்கு நாலும் ஒரே ஆள்னு தெரியும். தூதரகக் கவுண்டர்ல இருக்குறவருக்கு நாலு ஆள். வெளிநாட்டுக்குப் போற எல்லாப் பேப்பர்லயும் பாஸ்போர்ட்டுல இருக்குற மாதிரியே பேர் எழுதுங்க. புதுசா தயாரிக்குற ரெசல்யூஷன், பவர் பத்திரம் எல்லாம் நம்ம கையிலதானே இருக்கு. பழைய பேப்பரை மாத்த முடியாதுன்னா, ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு ஒரு அஃபிடவிட் போட்டு அதையும் சேர்த்து அனுப்பணும். அதுக்கும் சான்று தேவைப்பட்டா இன்னொரு ஆவணக் கட்டணம். அதனால முதல்லயே அவங்ககிட்ட கேட்டுடுங்க.

சர்டிஃபிகேட் வந்த மறுநாளே லேமினேஷன் பண்ற பழக்கம் நம்ம வீடுகள்ல இருக்கு. அதுமேல சீல் குத்த முடியாது, ஸ்டிக்கர் ஒட்ட முடியாது, திருப்பிடுவாங்க. பிரிக்கப் போய்க் கிழிச்சுடாதீங்க. புது நகல் வாங்குறது பல நேரம் சுலபம். ஏற்கெனவே லேமினேட் பண்ணாதவங்க தயவு செஞ்சு ஃபைல்லயே வைங்க.

அப்புறம் பின். பல பக்கம் உள்ள ஆவணத்தைச் சேர்த்துத் தைச்சு சான்று பண்ணியிருப்பாங்க. ஸ்கேன் பண்ண வசதியா இருக்கட்டும்னு ஆபீஸ்ல யாராவது பின்னைக் கழட்டிட்டா, பக்கத்தை மாத்தியிருக்கலாம்ங்கிற சந்தேகத்துல மொத்தத்தையும் நிராகரிக்கலாம். ஃபைல் மேலயே "பின்னை எடுக்காதீங்க"னு ஒரு ஸ்லிப் ஒட்டிடுங்க.

ஏஜென்ட்கிட்ட பேசும்போது

மொத்தமா ஒரு தொகை சொன்னா ஒத்துக்காதீங்க. அரசாங்கக் கட்டணம் எவ்வளவு, தூதரகக் கட்டணம் எவ்வளவு, கூரியர் எவ்வளவு, அவரோட சர்வீஸ் எவ்வளவுன்னு பிரிச்சு வாட்ஸ்அப்ல எழுதச் சொல்லுங்க. அரசாங்க ரசீது திரும்பி வரணும். உங்க ஆபீஸ் வேலைன்னா, ரசீது இல்லாம ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்டா அக்கவுண்ட்ஸ் பாஸ் பண்ண மாட்டாங்க, தொகை உங்க கையை விட்டுப் போகும். இன்னும் நல்லது, கம்பெனியையே நேரா கட்டச் சொல்றது. சம்பள அக்கவுண்ட்ல இருந்து ஒன்றரை லட்சத்தைப் போட்டுட்டு மூணு மாசம் பின்னாடி அலையாதீங்க.

எந்த வழியில சான்று வாங்கப் போறார்னும் கேளுங்க. சில ஏஜென்ட்டுகள் வேகமா முடியும்னு டெல்லியில எஸ்.டி.எம். சான்று வாங்கி அமைச்சகத்துக்குப் போவாங்க. அது சில நாடுகளுக்கு ஓடும். சில நாடுகள் கல்விச் சான்றுக்கு மாநிலக் கல்வித்துறை முத்திரைதான் வேணும்னு சொல்லும். எது வேணும்னு உங்க மெயில்ல எழுத்துல இருக்கணும், அதை அவருக்கு ஃபார்வர்டு பண்ணிடுங்க.

ஒரிஜினல் குடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஸ்கேன். குடுத்ததுக்கு லிஸ்ட் போட்டுக் கையெழுத்து. பேர், தேதி இல்லாத வெற்றுப் பேப்பர்ல மட்டும் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுக்காதீங்க.

எதிர்த்திசையில வர்ற பேப்பர்

வெளிநாட்டுல இருக்குற நண்பர் உங்க இந்தியக் கம்பெனியில பார்ட்னரா சேர்றார்னா, அவர் பேப்பர் இங்க வரணும். இதுக்குக் கம்பெனிச் சட்ட விதிகள்ல தெளிவா இருக்கு. அவர் கையெழுத்துப் போடுறது காமன்வெல்த் நாட்டுலன்னா, அதாவது சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா மாதிரி, அந்த ஊர் நோட்டரி போதும். அமெரிக்கா மாதிரி ஹேக் நாடுன்னா நோட்டரியோட அபோஸ்டில். ரெண்டும் இல்லன்னா நோட்டரி, அதுக்கு மேல தூதரக அதிகாரி. அவர் முறையான பிசினஸ் விசாவுல இந்தியா வந்து இங்கயே கையெழுத்துப் போட்டா இந்த அலைச்சலே வேண்டாம். ஃப்ளைட் டிக்கெட் சில சமயம் மலிவு!

அவர் உங்களுக்குப் பவர் பத்திரம் அனுப்பினா இன்னொரு கெடு இருக்கு. வெளிநாட்டுல எழுதின பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும். கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீங்க, வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

வெளிநாட்டுலயே கம்பெனி ஆரம்பிக்கப் போறீங்கன்னா

"துபாய் ஃப்ரீ ஸோன்ல கம்பெனி, நாலு நாள்ல லைசென்ஸ், டாக்குமென்ட் எல்லாம் நாங்களே பார்த்துக்குறோம்"னு விளம்பரம் வருது. டாக்குமென்ட்டை அவங்க பார்த்துக்கலாம், நம்ம ரிசர்வ் வங்கி விதிகளை அவங்க பார்த்துக்க மாட்டாங்க. இந்தியாவுல வசிக்குற ஒருத்தர் வெளிநாட்டுக் கம்பெனியில பங்கு எடுக்குறது 2022-ல வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்குள்ள வரும். பணத்தை வங்கி வழியா, ஃபார்ம் எஃப்.சி. குடுத்துத்தான் அனுப்பணும். கிரெடிட் கார்டுல தேய்ச்சு முதலீடு பண்ற கதை ஆகாது. ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்ங்கிற உச்சவரம்புக்குள்ள அது சேரும். வருமான வரி ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலயும் காட்டணும். அதுல காட்டாம விட்டா கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடமிருக்கு. அது ஒரு ஜீரோ பேலன்ஸ் கம்பெனியா இருந்தாலும் சி.ஏ.கிட்ட ஒரு வார்த்தை கேட்காம இறங்காதீங்க. உங்க ஆஃபர் லெட்டர்ல வேற தொழில் செய்யக் கூடாதுன்னு ஷரத்து இருக்கானும் பார்த்துடுங்க. அபோஸ்டில் ஆன ஆவணத்துல டைரக்டர்னு உங்க பேர் தெளிவா இருக்கும், அப்புறம் "அது நான் இல்ல"னு சொல்ல முடியாது.

உங்க கையில இப்ப இப்படி ஒரு மெயில் இருந்தா, எந்த நாடு, என்ன ஆவணம், அவங்க போட்ட சரியான வார்த்தை என்ன, இந்த மூணையும் கமெண்ட்ல போடுங்க. பான் நம்பர், பாஸ்போர்ட் நம்பர் மட்டும் போட்டுடாதீங்க.